கரை தெரியும் நீர்

கதவு நிலையில், உள்ளே போகும்போது வலது பக்கமாக, தோள் உயரத்தில் என்று சொல்லிக்கொண்டே வெள்ளைப் பலகையில் மெசூசா என்று எழுதியபோது சுகிர்தாவுக்கு முதுகு கூசியது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, கடைசி வாங்கில் இருக்கிற அந்த ஆள் எழுதவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறான். மற்றவர்களின் பேனைகள் ஓடுகிற சத்தம் கேட்டது, மேலே காற்றாடி கடகடத்தது, கீழே கஸ்தூரியார் வீதியில் ஓட்டோ ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது, இத்தனைக்கும் நடுவில் ஒரு பேனை மட்டும் ஓடவில்லை என்பது ஒரு முதுகுக்கு எப்படித் தெரியும், ஆனால் தெரிந்தது, இந்தப் பதினைந்து வருஷத்தில் அவளுக்குக் கண்ணைவிட முதுகுதான் நன்றாக வேலை செய்கிறது. "சின்னக் கூடு. அதுக்குள்ள வேத வசனம் எழுதின தோலைச் சுருட்டி வச்சிருக்கும். வீட்டுக்குள்ள போகேக்கையும் வெளிய வரேக்கையும் அதைத் தொட்டு, தொட்ட விரலைக் கொஞ்சுவினம்," என்றாள். முன்வாங்கில் றொஷாந்தி கையைத் தூக்கினாள், தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற பிள்ளை, இந்தப் பாடத்தில் அவளுக்குத்தான் கொண்டாட்டம். "மிஸ், எங்கட வேதத்தில வாசல் நிலையில ஆட்டு ரத்தம் பூசுவினமே, அதுவோ இது?" "அது பஸ்கா. இது வேற. ஆனா நல்லாக் கேட்டனீர்." இந்தத் தவணை படிக்கிற புத்தகத்தை எழுதிய ஹங்கேரிக்கார யூதப் பெண் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து தன் ஊருக்குத் திரும்பி வருகிறாள், வீட்டில் வேறு சனம் இருக்கிறது, கதவு திறந்தவளின் முகத்தை அவள் பார்க்கவில்லை, நிலையைத்தான் பார்க்கிறாள், புதுப் பெயின்டுக்கு அடியில் இரண்டு ஆணி ஓட்டையும் ஒரு சரிந்த தடமும். மெசூசா என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு அந்த இடத்தில் அழுகை வராது, அதனால்தான் புத்தகத்தைத் திறக்கும் முன் சொற்கள், சொற்கள் முடியாமல் ஒரு பக்கமும் வாசிக்கக் கூடாது என்று சுகிர்தா கண்டிப்பாக வைத்திருந்தாள். அவளும் மாமியும் முகாமிலிருந்து கிளிநொச்சி வீட்டுக்குப் போனபோது பார்ப்பதற்கு நிலையே இருக்கவில்லை, ஓடும் இல்லை, யன்னலும் இல்லை, கதவு இருந்த இடத்தில் சீமெந்து பிய்ந்த ஒரு பெரிய வாய், மாமி அதற்குள்ளாலேயே குனிந்து போனாள், உயரமாகத்தான் இருந்தது, ஆனாலும் குனிந்தாள். ஏன் அவன் எழுதவில்லை?

பத்மசீலன் என்று பெயர் சொன்னான். உண்மைப் பெயராகவும் இருக்கலாம், இப்போதெல்லாம் புலனாய்வுக்காரர் உண்மைப் பெயரிலேயே வருகிறார்கள். தவணை பாதி போன பிறகு வந்து சேர்ந்தவன், வகுப்பில் மற்றதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள், இவனுக்கு நாற்பதுக்கு மேலே, மடிப்புக் குலையாத சேர்ட், காதுக்கு மேல் ஒட்ட வெட்டின தலைமயிர், வந்தவுடன் தொலைபேசியை எடுத்து மேசையில் முகம் குப்புற வைக்கிறவன். என்ன வேலை என்று கேட்டதற்குக் கோழித்தீன் விற்கிறேன் என்றான். கோழித்தீன் விற்கிறவனுக்கு ஆங்கில இலக்கியம் எதற்கு என்று கேட்கத்தான் வாய் வந்தது, கேட்கவில்லை, "சும்மா ஒரு ஆசை மிஸ்" என்று அவனே சொன்னான், கேட்காத கேள்விக்குப் பதில் வைத்திருப்பவன் பதிலைச் செய்துகொண்டு வந்தவன். முன்னர் வந்தவர்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார்கள், நல்ல தமிழ், தங்கச்சி தங்கச்சி என்று மரியாதையான கதை, வீதியோரக் கொட்டிலுக்கு யார் யார் வருகினம், சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது, வெளிநாட்டிலிருந்து யாராவது கதைக்கிறவையோ. திங்கட்கிழமைகளில் அவள் அந்தக் கொட்டிலில், காணாமல் போனவர்களைக் கேட்டுப் போராடுகிற மற்றப் பெண்களோடு, புருஷன் நகுலேஸின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது ஊருக்கே தெரியும், பேப்பரில் வந்திருக்கிறது, தெரிந்ததையே கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு ஏதோ. போன திங்கள் எதிர்ப்பக்கம் ஐஸ்கிறீம் கடை வாசலில் ஒருவன் நெடுநேரம் நின்றான், இவன்தானோ, சேர்ட்டின் நிறம் நீலம், இன்றைக்கும் நீலம், நீலச் சேர்ட் போடாத ஆம்பிளை யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறான், ஆனால் அவன் ஐஸ்கிறீம் வாங்கவில்லை என்பது நினைவிருக்கிறது, வாங்காமல் ஏன் நின்றான்.

ஷிவா என்று எழுதினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள், எதிர்பார்த்ததுதான். "எங்கட சிவன் இல்லை. செத்த வீட்டில ஏழு நாள் துக்கம் காக்கிறது. கண்ணாடியை மூடி வைப்பினம், கதிரையில இருக்காயினம், நிலத்தில இல்லாட்டிப் பதிஞ்ச முக்காலியில இருப்பினம், சனம் சாப்பாடு கொண்டந்து குடுக்கும்." "எங்கட எட்டுச் செலவு மாதிரி," என்றது ஒரு குரல். ஓம், எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டத் திவசம், உடம்பு இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது, வரிசையில் நடந்து மனுசர் ஒருநாள் வெளியே வந்துவிடுகிறார்கள். மாமி ஒவ்வொரு சித்திரையிலும் மகன் நகுலேஸின் சாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டுகிறாள், ஆள் இருக்கிறார், சுற்றிவர மதில், பக்கத்தில் தண்ணி என்கிறான் சாத்திரி, மாமி வந்து அதைச் சொல்லிக்கொண்டே அன்றைக்கு மட்டும் இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிடுவாள். சுகிர்தா பொட்டு வைக்கிறாள். கலியாண வீட்டு வாசலில் குங்குமத் தட்டோடு நிற்கிற பிள்ளையின் கை அவளைக் கண்டதும் ஒரு கணம் நிற்கும், நீட்டுவதோ விடுவதோ என்று, பிறகு நீளும், அந்த ஒரு கணத்துக்காகவே அவள் கலியாணங்களுக்குப் போவதை விட்டுவிட்டாள். பன்றியைச் சாப்பிடாத சனம், ஓய்வுநாளில் நெருப்பு மூட்டாத சனம், இதையெல்லாம் பிள்ளைகள் இலேசாகப் பிடித்துக்கொள்கிறார்கள், அடுத்த சொல்லைத்தான் அவள் போன வகுப்பிலும் தள்ளிப்போட்டாள், அதற்கு முந்தின வகுப்பிலும் நேரம் போதவில்லை என்று சொன்னாள், அவன் அப்போதும் கடைசி வாங்கில் இருந்தான்.

அகுணா. எழுதி முடித்ததும் கை கொஞ்சம் பொறுத்துத்தான் கீழே வந்தது. "கட்டிப் போடப்பட்டவள் எண்டு அர்த்தம். புருஷன் காணாமல் போயிட்டார், ஆனா செத்ததுக்குச் சாட்சி இல்லை. அப்பிடியெண்டால் யூதச் சட்டப்படி அவள் இன்னும் பெண்சாதிதான், வேற கலியாணம் செய்யேலாது. இந்தப் புத்தகத்தில ரிவ்கா எண்டு ஒரு சின்னம்மா வருவா, அவ அகுணா." ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை, பிள்ளைகளுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும், தலைகள் கொப்பிகளில் அளவுக்கு மீறிக் குனிந்திருந்தன. அவள் விளக்கத்தை விரட்டிக்கொண்டு போனாள்: யுத்தம் முடிந்த பிறகு இப்படி ஆயிரக்கணக்கான பெண்கள், அகதி முகாம்களில் ரபிமார், அவர்களின் மதகுருமார், இருந்து வழக்குக் கேட்டார்கள், மற்ற வழக்குக்கு இரண்டு சாட்சி வேண்டும், இதற்கு ஒருவர் போதும், பெண்ணென்றாலும் சரி, கண்டவர் சொல்லக் கேட்டவர் என்றாலும் சரி, எப்படியாவது அவளை அவிழ்த்துவிட அந்த மனுசர் வழி தேடினார்கள். "தண்ணியில காணாமல் போனவருக்குத் தனிச் சட்டம் இருக்கு. கரை தெரியாத நீர், கரை தெரியிற நீர் எண்டு ரெண்டு. கடல் மாதிரிக் கரை தெரியாத நீர் எண்டால் அவர் எங்கேயாவது ஏறியிருக்கலாம், அதால செத்ததெண்டு சொல்லேலாது. குளம் மாதிரி, நாலு கரையும் கண்ணுக்குத் தெரியுது, பாத்துக்கொண்டு நிக்கினம், ஆள் மேல வரேல்லை எண்டால், செத்ததாக எடுக்கலாம்." அப்போதுதான் அந்தக் குரல், வகுப்பில் முதல்தரமாக, மெல்லிசாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. "மிஸ், களப்பு எந்தக் கணக்கில வரும்?" கடைசி நாட்களில் சனம் தாண்டி வந்த நந்திக்கடல் என்று அவன் சொல்லவில்லை, சொல்லவில்லை என்பதுதான் அதில் கெட்டித்தனம், ஒருத்தி கத்தினால் நான் பொதுவாகத்தானே கேட்டேன் என்று சொல்லலாம். "தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ, பிறகு பாப்பம்," என்றாள், இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது, பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் எழும்பிப் படியிறங்கினார்கள்.

அவன் இறங்கவில்லை. அவள் பலகையை அழித்துக்கொண்டு நின்றாள், அழித்த இடத்தையே திரும்ப அழித்தாள், வாசல் அவனுக்குப் பக்கத்தில்தான், படியில் இறங்கினால் கீழே கடை, கடையில் சனம், கத்தினால் கேட்கும். அவன் எழும்பி வந்து இரண்டாம் வாங்கோடு நின்றுகொண்டான், அதற்கு மேல் வரவில்லை. "நான் உங்களோட கொஞ்சம் கதைக்கோணும் மிஸ். நகுலேஸ் சேரைப் பற்றி." "நீங்கள் ஆர்?" "அவரோட ஒரே பங்கருக்குள்ள இருந்தனான், கடைசியில. பிறகு கட்டாருக்குப் போயிட்டன், போன வருஷம்தான் வந்தனான். திங்கக்கிழமை ரோட்டால போகேக்க கொட்டில்ல அந்தப் படத்தைக் கண்டனான். கிட்ட வரக் கால் வரேல்லை. நீங்கள் இஞ்ச படிப்பிக்கிறீங்கள் எண்டு விசாரிச்சுத்தான் சேர்ந்தனான்." "அதுக்குக் காசு கட்டி இலக்கியம் படிச்சனீங்களோ?" குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது. "படிக்கவும் விருப்பம்தான்," என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான், பிறகு நிமிர்ந்து, ஒரே மூச்சில், "ஆமி சனத்தை ஏத்தின பஸ்ஸில அவர் ஏறேல்லை மிஸ். களப்புத் தாண்டேக்க செல் விழுந்தது. நெஞ்சளவு தண்ணி, தலையில ஒரு சீலைப் பையை வச்சுக்கொண்டு எனக்கு முன்னால போனவர். விழுந்த பிறகு நான்தான் பிடிச்சுத் திருப்பினனான்." புத்தகத்தில் ரிவ்காவின் ரபி கேட்ட கேள்வி அவள் வாயில் தானாக வந்தது. "முகம் கண்டனீங்களோ?" "கண்டனான்." "செல் எந்தப் பக்கத்தால வந்தது?" "தெரியாது மிஸ். பொய் சொல்ல மாட்டன், தெரியாது." "அவரை?" "இழுத்துக்கொண்டு வரப் பாத்தனான். ஏலேல்லை. பின்னால சனம் தள்ளிக்கொண்டு வருது." பிள்ளைகள் படியேறுகிற சத்தம் கேட்டது. அவன் தன் இடத்துக்குப் போய் இருந்தான், இருந்து பேனையை எடுத்தான்.

கதிஷ் என்று எழுதினாள், கையெழுத்து கோணவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. செத்தவருக்காகப் பிள்ளை சொல்கிற செபம், பத்துப் பேராவது கூடியிருந்தால்தான் சொல்லலாம், ஆனால் அதில் சாவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான் என்று வாய் சொல்லிக்கொண்டு போனது, வாய்க்கு அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. சீலைப் பை. மாமியின் மருந்துப் பை, அதை எடுக்கத்தான் நகுலேஸ் திரும்பிப் போனவர், நீங்கள் நடவுங்கோ நான் பின்னால வாறன் என்று, ஆனால் அதை அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், கமரா வைத்திருந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள், வாசித்துவிட்டு வந்து சொல்ல எவனாலும் முடியும். இவன் சொல்கிறது யாருக்கு வசதி? பஸ் இல்லை என்றால் ஏற்றினவர்கள் இல்லை, ஏற்றினவர்கள் இல்லையென்றால் எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்கத் தேவையில்லை, கொட்டிலை அவிழ்த்துவிட்டு, மரண அத்தாட்சியை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், ஒருத்தி எழும்பிப் போனால் மற்றவளும் போவாள், அதற்குத்தான் இவனைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள், கோழித்தீன், கட்டார், பங்கர், எல்லாம் ஒன்றோடொன்று அளவாகப் பொருந்துகிறது, உண்மை இப்படிப் பொருந்துமா. ஆனால் செல் எந்தப் பக்கத்தால என்று கேட்டபோது தெரியாது என்றான். அனுப்பினவர்கள் அதற்கு ஒரு பதிலைச் சொல்லித்தானே அனுப்பியிருப்பார்கள், தங்களுக்கு ஏற்ற பதிலை, தெரியாது என்று சொல்ல யார் சம்பளம் கொடுப்பார்கள். அதுவும் கெட்டித்தனமோ. அவள் தண்ணீர் குடித்தாள். பஸ் என்று முதலில் சொன்னது யார்? சந்திராக்கா, முகாமில் பக்கத்துக் கூடாரம், சுகிர்தா சோறு தண்ணி இல்லாமல் கிடந்த நேரம் வந்து தலையைத் தடவி, நான் கண்டனான் பிள்ளை, வெள்ளைச் சாரம், பஸ்ஸில ஏறினவர், அழாத என்று சொன்னவள். நகுலேஸ் அன்றைக்குக் கட்டியிருந்தது நீலக் கட்டம் போட்ட சாரம். அது அவளுக்கு அன்றைக்கே தெரியும், தூசியில் நிறம் தெரிந்திருக்காது, தூரத்தில் வெளிறித் தெரிந்திருக்கும் என்று அவளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள், முகம் கண்டனீங்களோ என்று சந்திராக்காவிடம் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. கொட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெடியனைச் சந்தேகப்பட்டாள், வாடகை வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டாள், படம் எடுக்க வந்தவர்களை, சேர்ந்து அழுத பெண்களைக்கூட, உலகம் முழுவதையும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தவள், வேண்டியதைச் சொன்ன ஒரே ஒருத்தியை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டிருக்கிறாள். பாவம் சந்திராக்கா, பொய்யென்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள், ஒருத்தி எழும்பிச் சோறு தின்ன வேணும் என்று சொல்லியிருப்பாள், சொன்னதும் அவள் எழும்பித் தின்றாள். "மிஸ்," றொஷாந்தியின் குரல், "ஆள் செத்தது உறுதியாத் தெரியாட்டி கதிஷ் சொல்லலாமோ?" பேனைகள் நின்றன. கடைசி வாங்கில் அவனும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லக் கூடாது," என்றாள் சுகிர்தா, "உயிரோட இருக்கிறவருக்குச் சொல்லுறது பிழை எண்டு நினைக்கிறவை. அதால கனபேர் சொல்லாமலே இருந்திட்டினம்."

மழை இருட்டிக்கொண்டு வந்ததால் வகுப்பை முடித்ததும் பிள்ளைகள் அவசரமாகப் புத்தகப் பைகளை எடுத்தார்கள். அவனும் எழும்பினான், அவளைப் பார்க்காமல் போகத்தான் நினைத்தான் போல, வாசல்வரை போய்விட்டான். "நில்லுங்கோ," என்றாள். நம்பவில்லை, இன்னும் நம்பவில்லை, நாளைக்கு இவன் சொன்ன பங்கரை விசாரிப்பாள், கட்டாரை விசாரிப்பாள், கோழித்தீன் கொம்பனிக்கே போன் எடுப்பாள், அந்தப் பழக்கம் ஒரு பின்னேரத்தில் போகாது, ஆனால் நெஞ்சளவு தண்ணியில் ஒரு மனுசனைப் பிடித்துத் திருப்பின கை எப்படி இருக்கும் என்று அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சாதாரணக் கை, நகத்தடியில் தவிட்டு மா. "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ. மாமி இருப்பா. எனக்குச் சொன்ன மாதிரியே அவவுக்கும் சொல்லோணும், ஒண்டும் விடாமல்." "வாறன் மிஸ்." "அவ உங்களை அடிச்சாலும் அடிப்பா." "பரவாயில்லை." "நீங்கள் சொன்னதுக்காகத் திங்கக்கிழமை கொட்டிலுக்குப் போகாமல் நான் விடமாட்டன். விளங்குதோ? எங்க கொண்டுபோனீங்கள் எண்டு கேட்க ஏலாட்டி, ஆர் அடிச்சது எண்டு கேப்பன். அந்தத் தண்ணிக்குள்ள கிடக்கிறவரை எடுத்துத் தாங்கோ எண்டு கேப்பன்." அவன் தலையாட்டினான். "கேளுங்கோ மிஸ். கூப்பிட்டால் நானும் வந்து சொல்லுறன்." அப்படியென்றால் பேப்பரில் இவன் பெயர் வரும், படம் வரும், மோட்டார் சைக்கிள்கள் இவன் வீட்டுக்கும் வரும், இதை அனுப்பப்பட்டவன் சொல்வானா, சொல்லக்கூடும், சொல்லமாட்டான், அவளுக்கு முதல்தரமாக அந்த யோசனை பாதியில் களைத்துப்போய் நின்றது. அவன் இறங்கிப் போனான். றொஷாந்தி குடையை மறந்துவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள், யன்னலடியில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், ஏதாவது கதைக்க வேண்டுமே என்று கேட்டவள் மாதிரி, "மிஸ், உங்கட அவரும் வாத்தியாரோ?" என்று கேட்டாள். "ஓம்," என்றாள் சுகிர்தா, பேனையின் மூடியைத் தேடிக்கொண்டே, "கணக்குப் படிப்பிச்சவர்." பிள்ளை சரி மிஸ் என்று சொல்லிப் படிகளில் தடதடவென்று இறங்கினாள். படிப்பிக்கிறவர் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தாள், பொலிசில், முகாமில், கொட்டிலில், மாமிக்கு முன்னால், ஒருதரமும் நாக்குத் தவறியதில்லை. சுகிர்தா வாசலுக்கு வந்து கூப்பிடப் போனாள், பிள்ளை இன்னும் கடைசிப் படியில்தான் நின்றது, குடையை விரிக்கப் பாடுபட்டுக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கும். அவள் கூப்பிடவில்லை. குடை விரிந்து தெருவுக்குள் போகும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு அங்கேயே, செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெறும் நிலத்தில் இருந்தாள்.